குடை வேண்டாம்

"வேற என்ன வேணும், சொல்லு."

"எதுவும் வேண்டாங்க."

"அட, சும்மா சொல்லு. அடுத்த தடவை வரும்போது வாங்கிட்டு வரேன்."

"அப்படீன்னா... ஒரு குடை."

"குடையா?"

"ஆமாங்க. குடை."

கல்யாணமான புதிதில், பேருந்து நிலையத்தில், எனக்கும் என் கணவருக்கும் நடந்த பேச்சு இது. அவர் ஒரு காலைப் படியில் வைத்திருந்தார். பஸ் உறுமிக்கொண்டிருந்தது. என் நாக்கு நுனியில் இருந்தது, 'போகாதீங்க, இங்கேயே இருங்க' என்பதுதான். அது வெளியே வரப்போகிற நேரத்தில் அவர் தோளுக்குப் பின்னால் ஒரு குடைக்கடை கண்ணில் பட்டது. வாய் சட்டென்று கட்சி மாறிவிட்டது.

அவர் வேலை பார்த்தது ஓர் இரவு முழுக்கப் பயணம் செய்து போக வேண்டிய ஊரில், ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில். அங்கே ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஓர் அடுப்பு இருக்கிறதாம். இந்தப் பக்கம் மாவு உள்ளே போனால் அந்தப் பக்கம் பிஸ்கட்டாக வெளியே வரும். அந்த அடுப்புக்கு அவர்தான் மேற்பார்வை. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், சனிக்கிழமை காலையில் வருவார், சட்டையெல்லாம் வெண்ணெய் வாசனையோடும் ஒரு பை நிறைய உடைந்த பிஸ்கட்டோடும். ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவார். கிளம்பும்போது தவறாமல் அதே கேள்வி. நானும் தவறாமல், அந்த நேரத்தில் பேருந்து நிலையத்தில் எது கண்ணில் படுகிறதோ அதைக் கேட்பேன். சீப்பு. டார்ச் லைட். நகவெட்டி. ஒன்றும் தோன்றாவிட்டால் மறுபடியும் குடை.

அவரும் மறக்காமல் வாங்கி வருவார். அதுதான் கொடுமை.

"ஏம்மா மருமகளே, நம்ம வீட்டுக் கூரையே பிச்சுக்கிட்டுப் போனாலும் நாம யாரும் நனைய மாட்டோம் போலிருக்கே!" என்பார் மாமா, கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்த குடைகளைப் பார்த்து. என் மாமனார் காலமெல்லாம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். சாப்பிடும்போதுகூடத் தட்டை ஸ்டீயரிங் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உட்காருவார்.

நான் ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவர் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அந்தப் பயம்தான். வந்து என்ன செய்வார்? எங்கள் ஊரில் அப்போது இருந்ததெல்லாம் டயர் கடைகள், டைல்ஸ் கடைகள், நான் போன் எடுக்கிற வேலை பார்த்த பல் மருத்துவமனை. அவ்வளவுதான். நான் கேட்டேன் என்பதற்காக வந்துவிட்டு, ஒரு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த அடுப்பை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டால், நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது? அதனால் குடையே மேல் என்று இருந்துவிட்டேன்.

அப்படி இருந்த ஊருக்குத்தான் கம்பெனி வந்தது.

பெரிய சாலையில் ஒரு மரச்சாமான் கடை மூடிக் கிடந்தது. நான்கு மாடி, முழுக்கக் கண்ணாடி, கண்ணாடி முழுக்கத் தூசி. காதலர்கள் விரலால் பேர் எழுதி வைப்பதற்குத் தவிர அது வேறு எதற்கும் பயன்பட்டதில்லை. ஒரு நாள் காலை நான் வேலைக்குப் போகும்போது கயிற்றில் தொங்கிக்கொண்டு பத்துப் பேர் அதைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் திரும்பும்போது கண்ணாடியில் என் முகமே எனக்குத் தெரிந்தது. தலை கலைந்திருந்தது.

வீட்டில் எது கெட்டுப்போனாலும் போனில் தட்டினால் பழுது பார்க்க ஆள் வருவார்களே, அந்தச் செயலியை நடத்துகிற கம்பெனி. தலைநகரத்தில் இடம் போதவில்லையாம். எங்கள் ஊரில் கிளை. வாடிக்கையாளரிடம் போனில் பேச, வரவேற்பில் உட்கார, ஊழியர் பஸ் ஓட்ட, கேன்டீனைப் பார்த்துக்கொள்ள, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். அதுவும் உடனே வேண்டும்.

ஊருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வேறு வார்த்தையே இல்லை. எங்கள் தெரு முடிதிருத்துபவர் 'இன்டர்வியூ கட்டிங்' என்று பலகை எழுதி வைத்தார். டயர் கடைக்கு மேல்மாடியில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு முளைத்தது. கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தத்துக்கு நடுவே முப்பது பேர் ஒரே குரலில் 'குட் மார்னிங் சார்' என்பது தெருமுனை வரை கேட்கும். மாடிப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த மூலையைக்கூட வெள்ளையடித்து 'தங்கும் அறை வாடகைக்கு' என்று எழுதினார்கள். எங்கள் மருத்துவமனைக்குப் பல் கட்ட வந்தவர்கள், "டாக்டர், வலி கிடக்கட்டும், முன்பல்லை மட்டும் முதல்ல வெள்ளை பண்ணிடுங்க, புதன்கிழமை இன்டர்வியூ" என்று கெஞ்சினார்கள்.

எங்கள் வீட்டில் மட்டும் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

"கம்பெனியாம் கம்பெனி" என்றாள் சிட்டு, உதட்டைச் சுழித்து. சிட்டு என் நாத்தனார். அழகு நிலையத்தில் வேலை. புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஊரில் ஆள் கிடையாது. "அண்ணி, அங்க போய் நாள் பூரா சிரிச்சுக்கிட்டே உட்காரணுமாம். நம்மால ஆகாதுப்பா."

"எனக்கெதுக்கும்மா இந்த வயசுல" என்றார் மாமா.

"எனக்குப் பல் ஆஸ்பத்திரியே போதும்" என்றேன் நான்.

மூன்று பேரும் பச்சைப் பொய் சொல்லிக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் பொய்யின் கதை இதுதான். போனில் பேசுகிற வேலைக்கு நான் விண்ணப்பம் அனுப்பியிருந்தேன். அந்தச் சம்பளம் கிடைத்தால், அவர் வந்து கொஞ்ச நாள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வீடு ஓடும். அப்போது தைரியமாகக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் யாருக்கும் தெரியாமலே போய்விடும். நம்பிக்கையையும் ஏமாற்றத்தையும் நானே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்துக்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றே ஒன்றுதான். எங்கள் கல்யாணப் புகைப்படங்களை அனுப்பப் புகைப்படக்காரர் முகவரி கேட்டபோது சிட்டு உண்டாக்கியது. கடவுச்சொல், மாமா ஓட்டிய பஸ்ஸின் தட எண். அதற்குப் பிறகு மின்கட்டணம், ரயில் டிக்கெட், என் கணவரின் தொழிற்சாலை விடுமுறை அறிவிப்பு எல்லாம் அதற்கே வரும். வீட்டுக்கு ஒரு வாசல் இருக்கிற மாதிரி மின்னஞ்சலும் ஒன்று. ஆளுக்கொன்று எதற்கு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

அந்த வாசலில்தான் கம்பெனியின் அழைப்பு வந்து நின்றது. 'அன்புள்ள விண்ணப்பதாரரே, புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணலுக்கு வரவும். வருவதை உறுதி செய்யவும்.' பேர் போடவில்லை. போடாவிட்டால் என்ன, எனக்குத்தானே! குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு ஒரு குதி குதித்தேன். உறுதி செய்தேன். மாமாவும் சிட்டுவும் பார்த்துவிடக் கூடாதே என்று அழைப்பை அழித்துவிட்டேன். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தேன். அவ்வளவு சாமர்த்தியம்.

புதன்கிழமை காலை மாமா, "கண் டாக்டரைப் பார்த்துட்டு வரேம்மா" என்று பழைய காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிளம்பினார். கண் டாக்டருக்கு எதற்குக் காக்கி என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் பொய்யே எனக்குத் தலைக்கு மேல் இருந்தது. சிட்டு, "ஒரு கல்யாணப் பொண்ணுக்கு அலங்காரம், அண்ணி" என்று தன்னையே கல்யாணப் பெண் மாதிரி அலங்கரித்துக்கொண்டு போனாள். நான் கதவைப் பூட்டிக்கொண்டு கடைசியாகக் கிளம்பினேன்.

கம்பெனியின் தரைத்தளத்தில் புது பெயின்ட் வாசனை. நாற்காலிகளில் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றவில்லை. யார் அசைந்தாலும் சரக் சரக் என்றது. ஊரில் பாதிப்பேர் அங்கே இருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே இன்டர்வியூ கட்டிங். ஒலிபெருக்கியில் ஓர் எண்ணைப் படித்து, "இந்த எண்ணுக்குரியவர் இரண்டாம் அறைக்கு வரவும்" என்றார்கள். உறுதி செய்தபோது திரையில் எனக்கு வந்த எண். எழுந்தேன்.

எனக்கு முன் வரிசையில் ஒரு காக்கிச் சட்டை எழுந்தது.

பக்க வரிசையில் ஒரு கல்யாணப் பெண் எழுந்தாள்.

வாசல் பக்கத்தில், கழுத்தை இறுக்கும் சிவப்பு டையைத் தளர்த்திக்கொண்டு, தோளில் பயணப் பையோடு ஒருவர் எழுந்தார். அந்தத் தோளை எனக்குத் தெரியும். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அது பஸ் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். புதன்கிழமையில் பார்த்ததே இல்லை.

"என்னங்க!" என்று கத்திவிட்டேன்.

"நீ எங்க இங்க?" என்றார் அவர்.

"அண்ணா!" என்றாள் சிட்டு. "அப்பா! கண் டாக்டர்?"

"கல்யாணப் பொண்ணு எங்கடி?" என்றார் மாமா.

நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாய் பிளந்து நின்றோம். பிறகு யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நாற்காலி உறையெல்லாம் சரசரக்க அந்தக் கூடமே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

இரண்டாம் அறையில், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்த சுருட்டைமுடிப் பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண், களைத்திருந்தாள். எங்கள் நான்கு பேரையும் பார்த்துவிட்டுத் தன் திரையைப் பார்த்தாள்.

"இதுல அந்த ஒருத்தர் யாரு?" என்றாள்.

"எந்த ஒருத்தர்?" என்றார் மாமா.

"சார், எங்க கம்ப்யூட்டர் ஒரு மெயில்னா ஒரு ஆள்னு எடுத்துக்கும். நாலு விண்ணப்பத்தையும் ஒண்ணா சேர்த்துடுச்சு. எங்க பாஸ் அசந்துபோயிட்டார்." அவள் திரையைப் பார்த்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள். "ஒரே ஆள் கனரக வாகனம் ஓட்டுவாராம், புருவம் திருத்துவாராம், பல்வலிக்காரங்களைப் போன்ல சமாதானப்படுத்துவாராம், பெரிய அடுப்பு ஒண்ணையே நிர்வாகம் பண்றாராம். நேர்காணலுக்கு வரேன்னு நாலு தடவை உறுதி பண்ணியிருக்கார். எவ்வளவு ஆர்வம்னு பேசிக்கிட்டோம். இவரை எப்படியாவது பிடிச்சுடணும்னு திரும்பத் திரும்ப நினைவூட்டல் அனுப்பினோம்."

அப்போதுதான் விளங்கியது. முதல் அழைப்பை நான் படித்து அழித்திருக்கிறேன். அடுத்ததைச் சிட்டு. அதற்கடுத்ததை மாமா. கடைசியை, அங்கே அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இவர். நான்கு பேருமே, மற்றவர் பார்த்துவிடக் கூடாது என்று, குப்பைத் தொட்டி வரை போய்ச் சுத்தமாக அழித்திருக்கிறோம்.

"குடும்பம்னா இப்படி இருக்கணும்" என்றாள் அந்தப் பெண். "சரி, தனித்தனியா பார்த்துடலாம். சாயங்காலத்துக்குள்ள முடிவு சொல்லிடுவோம். எங்களுக்கும் அவசரம்."

முதலில் மாமாவை பஸ் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கம்பெனியின் வெள்ளை பஸ், புத்தம் புதுசு. பக்கத்தில் ஒரு சோதனை அதிகாரி. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்து நிமிஷத்தில் வர வேண்டியவர் அரை மணி நேரமாகியும் வரவில்லை. சிட்டு நகத்தைக் கடிக்க ஆரம்பித்தாள். பிறகு பஸ் வந்தது. கதவு திறந்தது. அதிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் இறங்கினார். ஒரு பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் இறங்கினாள். அப்புறம் கல்லூரிப் பையன்கள் ஒரு கும்பல். கடைசியில் அந்த அதிகாரி, முகமெல்லாம் சிவந்து.

விஷயம் இதுதான். சந்தைக்குப் பக்கத்து நிறுத்தத்தில் கூட்டம் நின்றிருக்கிறது. மாமாவின் கால் அவரைக் கேட்காமலே பிரேக்கை மிதித்துவிட்டது. கை அவரைக் கேட்காமலே கதவைத் திறந்துவிட்டது. ஜனங்களும் யாரையும் கேட்காமலே ஏறிவிட்டார்கள்.

"நான் வேண்டாம் வேண்டாம்னு கத்துறேன்" என்றார் அதிகாரி, "இவர் திரும்பிப் பார்த்து, 'கொஞ்சம் உள்ள தள்ளிப் போங்க சார்'னு என்கிட்டயே சொல்றார்!"

சொல்லிவிட்டு அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா தலைகுனிந்து நின்றார். "இறக்கி விட மனசு வரலை சார். வெயில்ல நின்னாங்க."

"ஒண்ணு மட்டும் சொல்லணும்" என்றார் அதிகாரி. "அந்தம்மா மடியில இருந்த பூசணிக்காய் ஒரு தடவைகூட உருளலை. காலை ஷிஃப்ட் பஸ் உங்களுக்கு."

பூசணிக்காய் அம்மாள் அங்கேயே நின்று, "இங்க வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாமே, சுத்தம் பண்ணற வேலை இருக்கா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

என் முறை வந்தது. காதில் கருவியை மாட்டிவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஒருவர் கோபமான வாடிக்கையாளர் மாதிரிப் பேசுவார், நீங்கள் சமாளிக்க வேண்டும் என்றார்கள். என் கவனம் அதில் இல்லை. வெளியே சிவப்பு டை கட்டிக்கொண்டு என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேருக்கும் கிடைத்துவிட்டால்? ஒரே பஸ்ஸில் வேலைக்கு வரலாம். மாமா ஓட்டுவார்! கேட்க வேண்டியதைக் கேட்காமலே தப்பித்துவிடலாம். நினைக்க நினைக்கத் தலை கிறுகிறுத்தது.

"என்ன கம்பெனி நடத்துறீங்க நீங்க!" என்று காதில் ஓர் ஆள் பாய்ந்தார். "மூணு நாளா என் ஃப்ரிட்ஜ் ஓடலை! ஒருத்தனும் வரலை!"

"ஐயோ பாவம், பதறாதீங்க சார்" என்றேன். "வலி எப்ப ஆரம்பிச்சது?"

"எனக்கு வலி இல்லைம்மா. ஃப்ரிட்ஜ்."

"தெரியுது சார்" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் நாக்கு பழகின தடத்திலேயே ஓடியது. "மேலயா கீழயா? சில்லுனு பட்டா கூசுதா?"

"சில்லுனு இருந்தா நான் ஏம்மா போன் பண்றேன்!" என்று சொல்லி அந்த ஆள் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பக்கத்து அறையின் சுவர் தாண்டியே சிரிப்பு கேட்டது. நான் அழுதுவிடுவேன் போல ஆகிவிட்டது. பத்து நிமிஷம் கழித்துச் சுருட்டைமுடிப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "கோபமான ஆள் எங்களுக்கு நிறையக் கிடைப்பாங்க. அவரை இப்படிச் சிரிக்க வச்சு அனுப்பறவங்கதான் கிடைக்கறதில்லை. ஒண்ணாம் தேதி வந்துடுங்க."

நான் அவளைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவள் மேசையிலிருந்த பேனாக்கள் உருண்டன.

சிட்டுவுக்கு வரவேற்பு வேலை கிடைக்கவில்லை. நேர்காணலில் அந்தப் பெண்ணிடம், "மேடம், தப்பா நினைக்காதீங்க, உங்க இடது புருவம் வலது புருவத்தோட சண்டை போட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லித் தொலைத்திருக்கிறாள். ஆனால் வெளியே வந்தபோது அவள் முகம் வாடியிருக்கவில்லை. "அண்ணி, மேல மாடியில இருக்கற எல்லாப் பொண்ணுங்களும் என் நம்பரை வாங்கிக்கிட்டாங்க. எதிர்ல ஒரு சின்ன ரூம் காலியா இருக்கு பார்த்தீங்களா? நானே கடை போட்டுடலாமான்னு பார்க்கறேன்." ஒரு மணி நேரத்தில் அவள் வேலை கேட்க வந்தவளிலிருந்து வேலை கொடுக்கிறவளாக மாறியிருந்தாள்.

எல்லோரும் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டு என் கணவருக்காகக் காத்திருந்தோம். அந்தக் கடையும் புதுசுதான். கடைக்காரர், "டீக்கு மட்டும் கூட்டம் அலைமோதுதுங்க, கூட நல்லதா கடிச்சுக்கக் கொடுக்கத்தான் ஒண்ணும் இல்லை" என்று புலம்பிக்கொண்டே ஆற்றினார். மாமா மேசையைப் பிடித்து ஸ்டீயரிங் மாதிரித் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்தார். டை கையில் இருந்தது.

"என்னடா?" என்றார் மாமா.

"கேன்டீன் மேற்பார்வைக்குத்தான்பா போட்டிருந்தேன்" என்றார், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. "நல்லாத்தான் பேசினாங்க. ஆனா கேன்டீனை நேத்துதான் வெளி ஆளுக்குக் குத்தகைக்கு விட்டுட்டாங்களாம். அவங்க ஆளுங்களையே கூட்டிட்டு வராங்களாம். அடுப்புக்காரனுக்கு இங்க வேற என்ன வேலை? பரவாயில்லை. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்."

சும்மா பார்க்க வந்தவர் சிவப்பு டை கட்டுவாரா? இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வருவாரா?

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள் சிட்டு.

"நீங்க மூணு பேரும் சொன்னீங்களாக்கும்!" என்றார். பிறகு டையைச் சுருட்டிக்கொண்டே, வேடிக்கையாகச் சொல்கிற மாதிரி மாமாவிடம் சொன்னார்: "அதுவும் உங்க மருமக ஒரு தடவைகூட வான்னு சொன்னதில்லைப்பா. ஒவ்வொரு தடவையும் குடைதான் கேப்பா. நான் தூரத்துல இருக்கறதே வசதி போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

சிட்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. கோப்பையின் விளிம்பு வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். வசதியா? எனக்கா?

"சாயங்கால வண்டியைப் பிடிச்சா காலையில அடுப்பு பத்தவைக்கப் போய்ச் சேர்ந்துடலாம்" என்று அவர் பையைத் தோளில் மாட்டினார்.

பேருந்து நிலையத்துக்கு நான்கு பேரும் நடந்தே போனோம். எனக்குப் பாதி சந்தோஷத்தில் கால் தரையில் படவில்லை, மீதி வருத்தத்தில் கால் நகரவில்லை. வேலை கிடைத்துவிட்டது. வீடு ஓடும். இப்போது கேட்கலாம், கேட்கலாம் என்று ஒவ்வோர் அடிக்கும் எனக்குள் ஒரு மணி அடித்தது. ஆனால் அவருக்கு இங்கே வேலை கிடைக்கவில்லையே? கிடைத்திருந்தால் வாயைத் திறக்காமலே வேலை முடிந்திருக்கும். இப்போது வெறுங்கையோடு வா என்று சொல்ல வேண்டும். அதுதான் நான் இத்தனை வருஷமாகப் பயந்த விஷயம்.

வழியெல்லாம் மாமா பேச்சை நிறுத்தவே இல்லை. "ஏன்டா, அந்த டீக்கடைக்காரன் சொன்னதைக் கேட்டியா? கடிச்சுக்க ஒண்ணும் இல்லையாம். இந்தச் சாலையில மட்டும் புதுசா எத்தனை டீக்கடை பார்த்தியா? அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நாளைக்கு டீயில எதையாவது முக்கணும்ல?"

"அப்பா, வண்டிக்கு நேரமாச்சு" என்றார் அவர். காது கேட்காத மாதிரி.

பஸ் நின்றிருந்தது. நடத்துநர் மாமாவைப் பார்த்ததும் சலாம் வைத்தார். பழைய பழக்கம். குடைக்கடை அதே இடத்தில். இத்தனை ஞாயிற்றுக்கிழமை அவர் கடையையே பார்த்துக்கொண்டு நின்ற என்னைக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருக்குமா? அவர் ஒரு நீலக் குடையை எடுத்துப் படக்கென்று விரித்து, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

என் கணவர் ஒரு காலைப் படியில் வைத்தார். திரும்பினார். நெற்றியில் காலையில் அழுத்திச் சீவியிருந்த முடி கலைந்து விழுந்திருந்தது. டையின் நுனி பாக்கெட்டிலிருந்து சிவப்பாக எட்டிப் பார்த்தது. இவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார், யாரும் கூப்பிடாமலே.

"வேற என்ன வேணும், சொல்லு" என்றார், எப்போதும் கேட்கிற மாதிரியே.

நடத்துநர் விசில் ஊதினார். மாமா போய் அவர் கையைப் பிடித்து, "ஒரு நிமிஷம்பா, ஒரு நிமிஷம். இதுக்கு மேல அவசரமா ஒண்ணும் கிடையாது" என்றார். சிட்டு நகத்தை வாயில் வைத்துக்கொண்டாள்.

நீலக் குடை ஒரு சுற்றுச் சுற்றியது. வாய் பழகின தடத்தில் கு என்று குவிந்தும்விட்டது.

"குடை வேண்டாம்" என்றேன்.

"பின்ன?"

"போகாதீங்க."

பஸ் உறுமியதில் எனக்கே கேட்கவில்லை. அதனால், அந்தப் பேருந்து நிலையத்தில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி, பல்வலிக்காரர்களுக்குக்கூடக் காட்டாத குரலில், இன்னொரு தடவை சொன்னேன்:

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்! வேலை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, நீங்க போகாதீங்க! இங்கேயே இருங்க!"